உங்கள் முகம் என்ன வடிவம்?

உங்கள் முகம் வட்டமா, நீள்வட்டமா, சதுரமா என்று யாராவது கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? "எங்கள் ஆச்சியைப் போல உருண்டை முகம்" என்று சிலர் சொல்லக்கூடும். சிலர் கண்ணாடியைத் தேடி ஓடுவீர்கள். மூக்குக்கண்ணாடி வாங்கப் போகும்போதும், முடி வெட்டிக்கொள்ளும்போதும், ஆண்டுவிழா நடனத்திற்கு அலங்காரம் செய்யும்போதும் இந்தக் கேள்வி எழுகிறது. "உன் முகத்துக்கு இது எடுக்காது" என்று பிறர் சொல்லி மனம் வாடியவர்களும் உங்களில் இருக்கலாம்.

முகத்தின் வடிவம் என்பது உண்மையில் என்ன? அதை அளக்க முடியுமா? ஒரு பொட்டோ, வகிடோ, கம்மலோ அதை மாற்றிக் காட்டுவது எப்படி? இவற்றை நாமே சோதனை செய்து பார்த்துவிடுவோம். ஒரு அளவுகோல், இரண்டு தடித்த அட்டைப் புத்தகங்கள், ஒரு துண்டு சோப்பு ஆகியவை போதும்.

கண்ணாடியில் ஒரு சோதனை

சுவரில் மாட்டிய கண்ணாடியின் முன் நேராக நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், கண்ணாடியில் தெரியும் உங்கள் முகத்தின் விளிம்பைச் சோப்பினால் வரையுங்கள். இப்போது விலகி நின்று அந்தக் கோட்டுருவத்தை அளந்து பாருங்கள். வியப்பாக இருக்கும்! உங்கள் முகத்தின் உயரம் 18 செ.மீ. என்றால் கண்ணாடியில் உள்ள உருவம் ஏறத்தாழ 9 செ.மீ.தான் இருக்கும்.

பின்னால் தள்ளி நின்று வரைந்தால் இன்னும் சிறிதாகுமா? ஆகாது. எத்தனை தூரத்தில் நின்றாலும் பாதிதான். காரணம் எளிது. நீங்கள் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்களோ, அவ்வளவு தூரத்தில் உங்கள் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே கண்ணாடி எப்போதும் உங்கள் கண்ணுக்கும் பிம்பத்திற்கும் நட்டநடுவே அமைகிறது. வடிவொத்த முக்கோணங்களைப் பற்றி வடிவியலில் படித்திருப்பீர்கள். இங்கு அவற்றின் விகிதம் 1 : 2.

அளவு பாதியானாலும் நீளத்திற்கும் அகலத்திற்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. எனவே வடிவத்தை அறிய இந்தக் கோட்டுருவம் நன்றாகவே பயன்படும்.

நான்கு அளவுகள்

இனி முகத்தையே அளப்போம். நண்பர் ஒருவர் உதவட்டும். இரண்டு புத்தகங்களை உங்கள் கன்னத்து எலும்புகளின் இருபுறமும் இணையாக, மெல்லத் தொடுமாறு பிடிக்கச் சொல்லுங்கள். அவற்றின் இடைவெளியே முகத்தின் அகலம். இதே வேலையைச் செய்யும் கருவிக்குக் காலிப்பர் என்று பெயர். இதே முறையில் நெற்றியின் அகலத்தையும், தாடையின் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நான்காவதாக, இரு கண்களுக்கும் நடுவே மூக்கு தொடங்கும் இடத்திலிருந்து முகவாயின் அடி வரை உள்ள உயரத்தை அளவுகோலால் அளவிடுங்கள். ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுத்துச் சராசரி காண்பது நல்லது.

மானிடவியலார் முகத்தின் உயரத்தை அகலத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குவார்கள். இதை முகக் குறியெண் எனலாம். உயரம் 112 மி.மீ., அகலம் 130 மி.மீ. என்றால் குறியெண் 86.2. வழக்கில் உள்ள ஒரு வகைப்பாட்டின்படி 85-க்குக் கீழ் அகன்ற முகம். 85 முதல் 90 வரை நடுத்தர முகம். 90-க்கு மேல் நீண்ட முகம்.

அழகுக்கலை நூல்கள் சொல்லும் வடிவங்களும் இதே அளவுகளிலிருந்து வருபவைதாம். நெற்றி, கன்னம், தாடை மூன்றும் ஏறத்தாழச் சம அகலமாக இருந்து தாடை கோணமாகத் திரும்பினால் சதுர முகம். அதே முகம் நீண்டிருந்தால் நீள்சதுரம். கன்னம் அகன்று, தாடை வளைந்து, நீளமும் அகலமும் நெருங்கி வந்தால் வட்டம். நெற்றி அகன்று முகவாய் குறுகினால் இதய வடிவம். கன்னம் மட்டும் அகன்று மற்ற இரண்டும் குறுகினால் வைர வடிவம். நீளம் மிகுந்து, விளிம்பு மென்மையாக வளைந்தால் நீள்வட்டம்.

இங்கே சற்று நில்லுங்கள். மேலே கண்ட எடுத்துக்காட்டில் உயரத்தை 112-க்குப் பதில் 110 மி.மீ. என்று அளந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். குறியெண் 84.6 ஆகிவிடும். நடுத்தர முகம் அகன்ற முகமாகிவிட்டது! மாறியது முகமா? இல்லை, 2 மி.மீ. அளவுதான். புத்தகத்தைச் சற்று அழுத்திப் பிடித்தாலே இந்த வேறுபாடு வந்துவிடும். முகங்கள் இயற்கையில் தனித்தனிப் பெட்டிகளாக வருவதில்லை என்பதையும், பெட்டிகளின் சுவர்களை எழுப்பியவர்கள் நாமே என்பதையும் இதிலிருந்து அறியலாம்.

மற்றொன்றும் உண்டு. குழந்தைகளின் முகம் உருண்டையாக இருப்பது ஏன்? மூளை முதலில் வளர்வதால் நெற்றியும் தலையும் விரைவில் பெரிதாகின்றன. தாடை பின்தங்கி வளர்கிறது. வாலிபப் பருவத்தில்தான் முகத்தின் கீழ்ப்பகுதி நீள்கிறது. இந்த வளர்ச்சி பதினெட்டு வயது வரையிலும், சிலருக்கு அதன் பின்னரும் தொடரும். எட்டாம் வகுப்பில் வட்டமாக இருந்த முகம் பன்னிரண்டாம் வகுப்பில் நீள்வட்டமாகிவிடலாம். ஆகவே இன்று நீங்கள் குறித்துக்கொண்ட அளவுகள் இன்றைய அளவுகளே.

செல்பேசி சொல்லும் பொய்

"படத்தில் என் மூக்கு பெரிதாக இருக்கிறதே!" என்று வருந்துகிறவர்கள் பலர். செல்பேசியைக் கையில் நீட்டிப் பிடித்து நம்மை நாமே படம் எடுக்கும்போது அது மூக்கின் நுனியிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். காது அதைவிட 12 செ.மீ. பின்னால், அதாவது 42 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. தூரம் கூடக்கூட உருவம் சிறுக்கும் அல்லவா? ஆகவே மூக்கோடு ஒப்பிட, காது 30/42, அதாவது 71 சதவீத அளவில்தான் பதிவாகும்.

நண்பர் ஒருவர் 150 செ.மீ. தள்ளி நின்று எடுத்தால் இந்த விகிதம் 150/162, அதாவது 93 சதவீதம். எதிரே நிற்பவர் உங்களைக் காணும் தோற்றம் இதுவே. கையில் பிடித்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்ததற்குக் காரணம் உங்கள் மூக்கு அல்ல, தூரம்தான்.

கண் ஏமாறும் வழிகள்

ஒரு தாளில் 5 செ.மீ. கிடைக்கோடு ஒன்று வரையுங்கள். அதன் நடுப்புள்ளியிலிருந்து மேல்நோக்கி 5 செ.மீ. நிலைக்கோடு ஒன்றை எழுப்புங்கள். இரண்டும் சமமே, ஆனால் நிலைக்கோடு நீளமாகத் தோன்றும். நேர் வகிடு, நீளத் திலகம், நீண்டு தொங்கும் காதணி, கழுத்தில் கூர்ந்து இறங்கும் சட்டை ஆகியவை முகத்தை நீட்டிக் காட்டுவதற்கு இத்தகைய நிலைக்கோடுகளே காரணம் என்பர். உச்சியில் முடியைச் சற்று உயர்த்தி வாரினாலும் இதே விளைவுதான். மாறாக, நெற்றியில் முடியை இறக்கி வெட்டினால் முகத்தின் உயரத்தில் ஒரு பகுதி மறைந்துவிடுகிறது. காதோரம் முடி அடர்ந்து நின்றால் அகலம் கூடுகிறது. நீண்ட முகத்தினர் இவற்றை விரும்புவது இதனால்தான். தோவாளைப் பிச்சிப் பூவைப் பின்னலில் நீளத் தொங்கவிட்டால் ஒரு தோற்றம். காதோரம் தெரியும்படி இருபுறமும் வளைத்து வைத்தால் வேறொரு தோற்றம்.

இனி இரண்டாவது சோதனை. ஒரே அளவான இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை வைத்து, ஒன்றைச் சுற்றிப் பெரிய வட்டங்களையும் மற்றதைச் சுற்றிச் சிறிய வட்டங்களையும் வரையுங்கள். பெரிய வட்டங்களின் நடுவே இருப்பது சிறிதாகத் தெரியும். அருகில் இருப்பதோடு ஒப்பிட்டே கண் அளவிடுகிறது. சிறிய முகத்தில் பெரிய மூக்குக்கண்ணாடி முகத்தை மேலும் சிறிதாக்குவது இவ்வகையிலேதான். வட்ட முகத்திற்குக் கோணமான சட்டமும் சதுர முகத்திற்கு வளைந்த சட்டமும் பரிந்துரைக்கப்படுவதும் ஒரு வகை ஒப்பீடே. முகத்தில் உள்ள வடிவத்தையே சட்டமும் திரும்பச் சொன்னால் அது மிகுந்து தெரியும்.

ஆனால் கேட்கும் விதிகளையெல்லாம் நம்பிவிடாதீர்கள். குறுக்குக் கோடு போட்ட சட்டை ஆளைப் பருமனாகக் காட்டும் என்பார்கள். 5 செ.மீ. பக்கமுள்ள இரண்டு சதுரங்களை எடுத்து, ஒன்றைக் குறுக்குக் கோடுகளாலும் மற்றதை நெடுக்குக் கோடுகளாலும் நிரப்பிப் பாருங்கள். குறுக்குக் கோட்டுச் சதுரமே உயரமாகவும் ஒடுங்கியும் தோன்றும்! ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டு எழுதினார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தினர் 2011-இல் ஆடைகளிலும் இதைச் சோதித்து அவர் கூற்றை ஆதரித்தனர். எல்லாச் சோதனைகளும் இதில் ஒத்துப்போகவில்லை என்பதும் உண்மை. விதி எதுவானாலும் சோதித்துப் பார்த்தே கொள்ள வேண்டும்.

வடசேரியின் நெற்றிச்சுட்டி

இந்தக் கண்கட்டு வித்தைகளை நம் குமரி மாவட்டத்துக் கைவினைஞர்களின் வேலையில் நேரில் காணலாம். நாகர்கோவிலை அடுத்த வடசேரி, கோவில் நகைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். சிவப்புக் கெம்புக் கற்கள் பதித்த இந்நகைகள் கோவில் திருமேனிகளுக்குச் சாத்தப்பட்டவை; பின்னர் பரதநாட்டியக் கலைஞர்களின் அணிகளாகவும் ஆயின. 'நாகர்கோவில் கோவில் நகைகள்' என்ற பெயரில் இவற்றிற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

ஆடுபவரின் முகம் 14 செ.மீ. அகலம் என்று கொள்வோம். 20 மீட்டர் தூரத்தில் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு அந்த முகம் 0.4 பாகை அளவே தெரியும். வானத்து முழுநிலவோ அரைப் பாகை! நிலவைவிடச் சிறிதாகத் தெரியும் ஒரு முகத்தில் புருவம் எங்கே, நெற்றி எங்கே என்று கண் எப்படி அறியும்?

இப்போது தலையணிகளைக் கவனியுங்கள். நெற்றிச்சுட்டி வகிட்டின் வழியே இறங்கி ஒரு நிலைக்கோடு போடுகிறது. அதன் பக்கச் சரங்கள் முடியோரமாக ஓடி நெற்றியின் விளிம்பை வரைந்து காட்டுகின்றன. வகிட்டின் இருபுறமும் சூரியனும் சந்திரனும் அமர்கின்றன. ஜிமிக்கி காதின் கீழே அகலத்தைக் கூட்டுகிறது. மாட்டல் அதை மேலே முடியோடு இணைக்கிறது. முகம் வட்டமோ நீளமோ, அதைச் சுற்றித் தெளிவான ஒரு சட்டம் அமைந்துவிடுகிறது. மையிட்ட கண்களும் புருவமும் அதன் உள்ளே துலங்குகின்றன.

அளவுகோல் தவறான கைக்குப் போனபோது

முகத்தை அளப்பது விளையாட்டாகவே எப்போதும் இருந்ததில்லை. 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியாவின் பல சாதியினரையும் பழங்குடியினரையும் காலிப்பர் கொண்டு அளந்தார். தலை எவ்வளவு அகலம், மூக்கு எவ்வளவு அகலம் என்ற அட்டவணைகள் 1909-இல் வெளியான அவரது ஏழு தொகுதிகளில் இடம்பெற்றன. வடக்கே ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற அதிகாரி, மூக்கின் அகலம் கூடக்கூடச் சமூகத் தகுதி குறையும் என்றே எழுதினார். இந்தக் கூற்றை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஒரே வீட்டில் பிறந்த இருவரின் குறியெண்களே ஒத்திருப்பதில்லை, 2 மி.மீ. பிழையில் வகை மாறிவிடுவதை நீங்களே கண்டீர்கள். அத்தகைய எண்ணைக் கொண்டு மனிதரை மேல் கீழ் என்று அடுக்க முடியுமா?

அளவுகளால் நன்மையும் விளைந்தது. 1920-இல் நாகபுரி அறிவியல் மாநாட்டை ஒட்டி, விலங்கியலார் நெல்சன் அன்னன்டேல், கல்கத்தாவில் தாம் எடுத்திருந்த உடலளவுகளை ஆராயும்படி பேராசிரியர் மகலனோபிஸைக் கேட்டுக்கொண்டார். ஓர் அளவைத் தனியே பார்க்காமல் பல அளவுகளைச் சேர்த்து ஒப்பிடும் வழியை அவர் தேடினார். அதிலிருந்து பிறந்து 1936-இல் முழு வடிவம் பெற்ற 'மகலனோபிஸ் தொலைவு' இன்று உலகெங்கும் புள்ளியியலிலும் கணிப்பொறியின் உருவமறிதலிலும் பயன்படுகிறது.

என்ன அணிவது என்பதை மற்றவர் தீர்மானித்த காலமும் நம் மண்ணில் இருந்தது. இம்மாவட்டம் திருவிதாங்கூரின் தென்பகுதியாக இருந்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோள்சீலை அணியத் தடை இருந்தது. 1822 முதல் பல கட்டங்களாக நடந்த போராட்டத்தின் பின், 1859 ஜூலை 26-ஆம் நாள் அரசு ஆணை பிறந்தது. நாடார் பெண்கள் மேலுடை அணியலாம் என்ற அந்த ஆணையும், உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்ற நிபந்தனையை விடவில்லை! ஒரு துணியை எப்படிப் போட்டுக்கொள்வது என்ற உரிமைக்காக இங்கே தலைமுறைகள் போராடின. எனவே நண்பரைப் பார்த்து "உனக்கு இது எடுக்காது" என்று சொல்லுமுன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். கோடுகளும் கோணங்களும் என்ன செய்யும் என்று அறிவியல் சொல்லும். முகத்தை நீட்டிக் காட்டுவதா, அகட்டிக் காட்டுவதா, உள்ளபடியே விடுவதா என்பது அந்த முகத்துக்கு உரியவரின் விருப்பம்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வகுப்பில் விருப்பமுள்ள பத்துப் பேரின் முகக் குறியெண்ணைக் கண்டு வரைபடம் வரையுங்கள். பெயர் எழுத வேண்டாம். எண் மட்டும் போதும். பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி தெரிகிறதா?

2. ஒரே முகத்தை மூன்று நண்பர்கள் தனித்தனியே அளக்கட்டும். விடைகள் எவ்வளவு வேறுபடுகின்றன?

3. ஒரே அளவான மூன்று வட்டங்களில் முகம் வரையுங்கள். ஒன்றில் நேர் வகிடும் நீளத் திலகமும், ஒன்றில் காதோரம் அடர்ந்த முடியும், ஒன்றில் நெற்றி மறைக்கும் முடியும் இடுங்கள். எது நீளமாகத் தெரிகிறது என்று பிறரைக் கேட்டு எண்ணிக்கை எடுங்கள்.

4. அடுத்த ஆண்டு இதே மாதத்தில் உங்கள் நான்கு அளவுகளையும் மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள்.