வராதவரின் பணம் யாருடையது?

திண்டுக்கல்லில் பல் மருத்துவமனை, ஸ்கேன் சென்டர், அழகு நிலையம், போட்டோ ஸ்டுடியோ என்று பல இடங்களில் இப்போது டோக்கனுக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வருகிறது. அதைத் திறந்து நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்து, ஜிபேயிலோ போன்பேயிலோ பணம் கட்டினால்தான் புக்கிங் உறுதியாகும். இந்த ஏற்பாட்டோடு இரண்டு நம்பிக்கைகள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. பணம் கட்டியவர் கட்டாயம் வந்துவிடுவார் என்பது ஒன்று. வராவிட்டால் அந்தப் பணம் கடைக்காரருடையது என்பது இன்னொன்று. முதலாவது பாதிதான் உண்மை. இரண்டாவது பெரும்பாலும் தவறு. ஆனால் பணத்தை இழந்தவர்களே அதை நம்பி, கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பணம் கொடுத்துவிட்டால் வரும் உந்துதல் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1985-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்துப் பார்த்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள்; பிற்பாதியில் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது. 1998-ல் ஜான் கூர்வில், திலீப் சோமன் இருவரும் வெளியிட்ட ஆய்விலும் இதே போக்குதான். ஆண்டுக்கு இருமுறை பணம் கட்டும் உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்கள், கட்டிய மாதத்தில் அதிகமாக வந்தார்கள், பிறகு வருகை குறைந்துகொண்டே போனது. ஆக, கட்டிய பணத்தின் வேகம் நாளாக ஆகக் குறைகிறது. ஆறு வாரம் கழித்து வரச் சொல்லும் பல் மருத்துவருக்கு இன்றே கட்டிய 300 ரூபாய், அந்த நாள் வரும்போது பழைய கணக்காகிவிடலாம்.

அபராதத்தின் கதை இன்னும் சிக்கலானது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்தபோது தாமதமாக வருபவர்கள் குறையவில்லை, கூடினார்கள். அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. உரி க்னீஸியும் ஆல்டோ ருஸ்டிச்சினியும் 2000-ல் வெளியிட்ட இந்த ஆய்வு சொல்வது இதுதான்: காசு கொடுத்தாகிவிட்டது என்றவுடன் மனதில் இருந்த கூச்சம் போய்விடுகிறது. 'வரமுடியவில்லை' என்று போன் செய்து சொல்ல வேண்டும் என்ற கடமை உணர்வும் அதோடு போகிறது. பணம்தான் போய்விட்டதே, இனி எதற்குச் சொல்ல வேண்டும்? இப்படி நினைக்கும் வாடிக்கையாளர் தருவது காலி நாற்காலி. முன்கூட்டியே சொன்னவர் தருவது வேறொருவரை அழைக்க ஒரு வாய்ப்பு. வருகையைக் கூட்டும் எளிய வழி நினைவூட்டல்தான். 2013-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, எஸ்எம்எஸ் நினைவூட்டல் மருத்துவச் சந்திப்புகளுக்கு வருவோரின் அளவைக் கூட்டுகிறது என்றும், போன் செய்து நினைவூட்டுவதற்குக் கிட்டத்தட்ட இணையாக வேலை செய்கிறது என்றும் காட்டியது. புக்கிங் மென்பொருள்களில் இந்த வசதி பெரும்பாலும் இருக்கும். பணம் வாங்கும் பொத்தானை இயக்கும் அக்கறையோடு இதையும் இயக்க வேண்டும்.

அப்படியானால் முன்பணமே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. பாஸ்போர்ட் சேவா இணையதளத்தைப் பாருங்கள். ஆரம்பத்தில் பணம் கட்டாமலே நேரம் எடுக்க முடிந்ததால், இடைத்தரகர்கள் நேரங்களை வளைத்துப் போட்டுக்கொண்டார்கள். அதைத் தடுக்க, 2013-ல் கட்டணத்தை இணையத்தில் கட்டினால்தான் நேரம் என்று மாற்றினார்கள். மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வரும் திண்டுக்கல் மாவட்டத்தாருக்கும் அதே விதிதான். 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் கட்டியவர் குறித்த நாளில் போகமுடியாவிட்டால் பணம் அன்றே போய்விடுவதில்லை. அது ஓராண்டு வரை செல்லும். அதற்குள் வேறு நேரம் எடுக்க வாய்ப்பு உண்டு. கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை என்பது அதிலுள்ள குறை. ஆனாலும், பொய்யான புக்கிங்கைத் தடுக்கப் பணத்தை வாங்குவதே போதும், வராதவரிடமிருந்து அதைப் பறிக்கத் தேவையில்லை என்பதை அந்த ஏற்பாடு காட்டுகிறது. வாங்குவது வேறு, பறிப்பது வேறு. நம் ஊர்க் கடைகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

'அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது' என்று எழுதிவிட்டால் அதுவே சட்டம் என்ற எண்ணத்துக்கு வருகிறேன். 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-வது பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. 1963-ல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. 1,12,500 ரூபாய் பேசிய ஒரு சொத்து விற்பனையில், விற்றவர் அச்சாரமாக வாங்கிய 1,000 ரூபாயை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வாங்கிய 24,000 ரூபாயைத் தண்டமாகப் பறிக்கக்கூடாது என்றது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத தண்டம் விதிக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தங்களின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. 2020-ன் மின்வணிக விதிகள், தானே ரத்து செய்தால் அதே போன்ற கட்டணத்தை ஏற்காத தளம், வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணம் வாங்கக்கூடாது என்கின்றன. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வி.பி. சாந்தா வழக்கிலேயே தீர்ந்துபோன விஷயம்.

எல்லாம் வந்து நிற்பது ஒரே கேள்வியில்: வராதவரால் உண்மையில் எவ்வளவு நஷ்டம்? வேடசந்தூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் சாணார்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருக்கும் கிளினிக்கில், பதினொன்றரை மணிக்கு ஒருவர் வராவிட்டால் அடுத்தவர் உள்ளே போவார். டாக்டருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. அங்கே 300 ரூபாயை வைத்துக்கொள்வது ஒரே நேரத்தை இரண்டு முறை விற்பது. அதே டாக்டர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால், அன்றைய கூலியை விட்டு வந்தவருக்கு என்ன தருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மணப்பெண் அலங்காரத்தின் கணக்கு நேர் எதிரானது. தை மாதத்தில் முகூர்த்த நாள்கள் எண்ணிக்கையில் குறைவானவை. அந்த ஒரு விடியற்காலையை ஒருவருக்கு ஒதுக்கினால் வேறு இரண்டு பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். முந்தின நாள் ரத்து செய்தால் அந்தக் காலையை யாருக்கும் விற்க முடியாது. அங்கே கணிசமான முன்பணம் வாங்குவதும், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் அதில் பெரும்பகுதியை வைத்துக்கொள்வதும் நியாயம். ஆனால் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டால், அதே நாளுக்கு வேறு புக்கிங் கிடைத்துவிட்டால், அந்த நியாயம் சுருங்கிவிடுகிறது. ஒரே ஊரில், ஒரே மென்பொருளில், 'திருப்பித் தரப்படமாட்டாது' என்ற ஒரே வரி இந்த இரண்டு தொழில்களுக்கும் பொருந்தாது.

சிறு தொழில் செய்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: பணத்தைத் திருப்பினால் பேமெண்ட் கேட்வே பிடித்த கட்டணம் எங்கள் தலையில் விழுகிறது என்கிறார்கள். இது பொய்யல்ல, அளவுதான் பெரிதுபடுத்தப்படுகிறது. 2 சதவீதம் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும் 300 ரூபாய்க்கு 6 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 7 ரூபாய் 8 காசு. அந்த ஏழு ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கடையின் கியூஆரில் நேரடியாக வாங்கும் சாதாரண யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் பிடிக்கும் எம்டிஆர் என்ற பரிவர்த்தனைக் கட்டணமே கிடையாது.

பொய்யான புக்கிங் குவிந்துவிடும் என்ற பயம் இதைவிட வலுவானது. அதற்கு யுபிஐயிலேயே ஒரு வழி இருக்கிறது. 2018-ல் வந்த யுபிஐ 2.0-ல், பணத்தை எடுக்காமல் வாடிக்கையாளரின் கணக்கிலேயே குறித்த நாள்வரை நிறுத்திவைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. வந்தால் எடுத்துக்கொள்ளலாம், ரத்து செய்தால் விடுவித்துவிடலாம். எல்லா மென்பொருளிலும் இது இருக்காது. வாங்கும்போதே கேட்டுப் பெற வேண்டும். கூடவே, ஸ்மார்ட்போன் இல்லாத முதியவருக்குச் சில நேரங்களை நேரில் வந்தோ போனிலோ எடுத்துக்கொள்ள ஒதுக்குவது அவசியம். அவர் பணம் கொடுக்க மறுக்கவில்லை. அவரிடம் அந்தக் கருவி இல்லை, அவ்வளவுதான்.

பணத்தை இழந்தவர்கள் முதலில் எழுத்தில் கேட்க வேண்டும்: எந்த நஷ்டத்துக்காக எவ்வளவு பிடித்தீர்கள் என்று. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம். ஒப்பந்த விதியே நியாயமற்றது என்று அதை ரத்து செய்யக் கோருபவர்கள் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அதற்கு மதுரையில் அமர்வு இருக்கிறது.