மெய்நிகர் விளையாட்டு

இல்லாததை இருப்பதுபோலக் காட்டும் கலை மக்களுக்குப் புதியதன்று. தோற்பாவைக் கூத்தும் நாடகமும் திரைப்படமும் அக்கலையின் வடிவங்களே. ஆயினும் அவற்றில் காண்போன் வெளியே இருக்கின்றான். காட்சி அவன் எதிரே நிகழ்கின்றது. காண்போனையே காட்சியினுள் நிறுத்த எழுந்தது மெய்நிகர் விளையாட்டு.

இதன் அடிப்படை பழைமையானது. ஒரு பொருளை இரு கண்களும் சிறிது வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அவ்விரு படங்களையும் மூளை ஒன்றாக்குதலால் ஆழம் புலப்படுகின்றது. இவ்வுண்மையை 1838இல் ஆங்கில அறிஞர் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கினார். 1968இல் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து தலையில் அணியும் கருவியொன்றை அமைத்தார். அதன்கண் கணிப்பொறி வரைந்த கோட்டுருவங்கள், அணிந்தோன் தலை திரும்புந்தோறும் அதற்கேற்ப மாறின. அக்கருவியின் ஒரு பகுதி கூரையிலிருந்து தொங்கியது.

பின்னர் இக்கருவி விளையாட்டுக்கு உரியதாயிற்று. 1995இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'வர்ச்சுவல் பாய்' சிவப்பு நிறக் காட்சிகளையே காட்டியது, விரைவில் மறைந்தது. 2016இல் வந்த 'ஆக்குலஸ் ரிஃப்ட்' கருவியின் விலை 599 டாலர். அதனை இயக்க ஆற்றல்மிக்க கணிப்பொறியும் தனியே வேண்டியிருந்தது. 2020இல் வந்த 'குவெஸ்ட் 2' கணிப்பொறியின் துணையின்றியே இயங்கியது. அதன் தொடக்க விலை 299 டாலர். இவ்வாறு விலை குறைந்தும் இவ்விளையாட்டு வீடுதோறும் பரவவில்லை. காரணம் யாது?

முதற்றடை மனித உடலேயாகும். செவியின் உட்பகுதியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றிலுள்ள நீர்மம், தலை திரும்புதலை மூளைக்கு உணர்த்தத் துணைசெய்கின்றது. விளையாட்டில் ஒருவன் தேரில் விரைவதாகக் கொள்வோம். 'விரைகின்றாய்' என்று கண் கூறும். 'அசையாது இருக்கின்றாய்' என்று செவி கூறும். இவ்விரு சான்றுகளும் முரணுதலால் தலைச்சுற்றலும் குமட்டலும் தோன்றுகின்றன. ஓடும் பேருந்தில் நூல் படிப்போர் துன்புறுவதும் இத்தகைய முரண்பாட்டினாலேயே.

இரண்டாவது தடை எடை. ஏறத்தாழ அரைக் கிலோகிராம் எடையை முகத்தில் நெடுநேரம் தாங்குதல் எளிதன்று. மூன்றாவது தடை தனிமை. இக்கருவி கண்களை மூடிக்கொள்ளுதலால், அணிந்தோன் அருகிலுள்ள சுவரையும் காணான். உடனிருப்போர் முகத்தையும் காணான்.

இத்தடைகளை நீக்க அறிஞர் முயன்று வருகின்றனர். படங்களை நொடிக்குத் தொண்ணூறு முறை மாற்றிக் காட்டும் கருவிகள் உள்ளன. வெளியே பொருத்திய ஒளிப்படக் கருவிகள் வாயிலாக அறையைக் காட்டுவனவும் உண்டு. 'பீட் சேபர்' என்னும் விளையாட்டில் ஆடுவோன் நின்ற இடத்திலேயே நின்று, எதிர்வரும் கட்டைகளைக் கைவாளால் வெட்டுகின்றான். கண் காண்பதையே உடலும் செய்தலால் அங்கு மயக்கம் குறைகின்றது. அது பலராலும் விரும்பப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கண்ணை ஏமாற்றுதல் எளிது. உடல் முழுவதையும் ஏமாற்றுதல் அரிது. தலைச்சுற்றல் உடல் தரும் எச்சரிக்கை. அது தோன்றியவுடன் கருவியைக் கழற்றிவிடுதலே அறிவுடைமை. மனிதன் கருவிக்கேற்பத் தன்னை வருத்திக்கொள்ளுதல் முறையன்று. கருவியே மனிதனுக்கேற்பத் திருந்துதல் வேண்டும். அவ்வாறு திருந்தும் அளவினதே இவ்விளையாட்டின் எதிர்காலம்.