கபாலத்தைத் திறக்குமுன்

மூளையில் கட்டி என்றதும் நாம் கேட்கும் முதல் வினா, "எடுத்துவிட முடியுமா?" என்பதே. அறுவை மருத்துவரின் வினாவோ வேறு. எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதே அவர் கவலை. மூளையில் ஒரு விரற்கடை கூடுதலாக வெட்டினால் பேச்சே போய்விடக்கூடும்.

ஆதலால் கத்தியை எடுக்குமுன் படம் தேவை. 1918-இல் வால்ட்டர் டேண்டி மூளையின் நீரறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார். 1927-இல் எகாஸ் மோனிஸ் இரத்தக் குழாய்களைப் படம் பிடித்தார். அறையும் குழாயும் இடம் விலகியிருப்பதைக் கொண்டே பெரும்பாலும் கட்டியை ஊகித்தனர். 1971-இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் அதை நேரே காட்டியது. அதே ஆண்டில், பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கும் கணித முறையொன்றை ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் வெளியிட்டனர். பின்வந்த ஸ்கேன் கருவிகள் பல அவ்வழியைக் கையாண்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ராமச்சந்திரனைப் புரத ஆய்வோடு மட்டும் சேர்த்துச் சொல்லி நிறுத்திவிடுகிறோமே என்பது என் குறை.

இன்று கருவிகள் பல. எனினும் ஒன்று காண்பதை மற்றொன்று காண்பதில்லை. சி.டி., எலும்பையும் சுண்ணாம்புப் படிவையும் நன்கு காட்டும். எம்.ஆர்.ஐ., மென்மையான திசுக்களைப் பிரித்துக் காட்டும். பெட் ஸ்கேன், கதிரியக்கம் ஏற்றிய பொருளைக் கட்டி எவ்வளவு உட்கொள்கிறது என்று சொல்லும். மூளையே சர்க்கரையை மிகுதியாக உண்பதால், இங்கே சர்க்கரையைவிட அமினோ அமிலம் பல வேளைகளில் தெளிவு தரும். செயல்சார் எம்.ஆர்.ஐ., பேசும்போதும் கையசைக்கும்போதும் குருதியோட்டம் மாறும் இடங்களைக் காட்டும். நீர் மூலக்கூறுகள் பரவும் திசையை அளந்து நரம்பிழைகளின் பாதையை வரையும் முறையும் உண்டு.

இந்தப் பாதை ஏன் முக்கியம்? மேலூர்ப் பக்கத்து வயல்களை எண்ணிப் பாருங்கள். வயலைத் தொடாமல் வாய்க்காலைத் தலைமடையில் வெட்டிவிட்டால் கடைமடை காய்ந்துவிடும். பேச்சுப் பகுதியைத் தொடாமல் அதன் இழைகளை அறுத்தாலும் அதே கதிதான்.

இயற்பியல் மாணவனாகிய என்னை ஈர்த்தது, இப்படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் விதம். மண்டையோடு உருமாறுவதில்லை. ஆகவே மூன்று நகர்வுகள், மூன்று சுழற்சிகள் என ஆறு எண்கள் கிடைத்தால் ஒரே தலையின் இரு படங்களும் பெரும்பாலும் பொருந்திவிடும். ஆயினும் எலும்பு சி.டி.யில் வெள்ளை, எம்.ஆர்.ஐ.யில் கறுப்பு. வெளிச்சத்தை வெளிச்சத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரு படத்தைக் கண்டு மற்றதை மிக நன்றாக ஊகிக்கக்கூடிய நிலை எதுவென்று கணிப்பொறி தேடுகிறது.

இத்தனையும் சேர்ந்தாலும் படம் படந்தான். கட்டியின் அருகே குருதியோட்டம் இயல்பு கெட்டிருந்தால், பேச்சுப் பகுதி உயிரோடிருந்தும் செயல்சார் படத்தில் தெரியாமற் போகலாம். காட்டப்படும் சித்திரங்களும் சொற்களும் நோயாளி அறிந்தவையாக இருத்தல் வேண்டும். உழவரிடம் ஆங்கிலச் சொல்லைக் காட்டிப் பேச்சுப் பகுதியைத் தேடுவது வீண் வேலை. அன்றியும், கபாலத்தைத் திறந்து நீர் வடிந்தவுடன் மூளை சற்றே இடம் பெயர்கிறது; முன்னர் எடுத்த படம் அந்த அளவுக்குப் பொய்யாகிறது.

எனவே பேச்சுப் பகுதியை ஒட்டிய கட்டிகளில், தகுந்த நோயாளியை விழித்திருக்கச் செய்தே அறுவை செய்வதுண்டு. ஒருவர் சித்திரங்களைக் காட்டிப் பெயர் கேட்பார். மருத்துவர் மூளையின் பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்ப்பார். மாட்டைக் கண்டும் "மாடு" என்ற சொல் வாயில் வராமல் நின்றால், மறுபடியும் தொட்டுச் சோதித்து, அவ்விடத்தை வெட்டாமல் விட்டுவிடுவார்.