மடிக்கணினி வாங்குமுன்

பட்டுக்குக் காஞ்சிபுரம், பூட்டுக்குத் திண்டுக்கல் என்பது போலக் கணினிக்குப் புதுச்சேரி என்று சொல்லத்தக்க காலம் ஒன்று இருந்தது. எச்.சி.எல்., விப்ரோ என்னும் இரு இந்திய நிறுவனங்களும் நம் ஊரில் ஆலை வைத்துக் கணினிகளைக் கோத்து நாடெங்கும் அனுப்பின. அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்துக்கும் இங்கே ஓர் ஆலை இருந்தது. 2005-ஆம் ஆண்டு அந்நிறுவனத்தின் கணினிப் பிரிவைச் சீனத்து லெனோவோ வாங்கியபோது புதுச்சேரி ஆலையும் கைமாறியது. மேற்சொன்ன இரு இந்திய நிறுவனங்களும் 2013-ஐ ஒட்டிக் கணினி செய்வதையே விட்டுவிட்டன. லெனோவோ ஆலை மட்டும் நிலைத்தது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய வழங்கிக் கணினிகளை ஆண்டுக்கு 50,000 என்ற அளவில் இங்கே செய்யப்போவதாக 2024 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது.

நம் ஊரில் செய்வதால் நமக்கு விலை குறையுமோ என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. குறையாது. முன்பு இங்கே விற்பனை வரி குறைவாயிருந்தமையால் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் மின்சாதனம் வாங்க மக்கள் நம் கடைத்தெருவுக்கு வந்தார்கள். 2017 ஜூலை முதல் தேதி சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் அந்த வேறுபாடு போய்விட்டது. மடிக்கணினிக்கு நாடு முழுவதும் 18 விழுக்காடு வரி. நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒன்று வாங்கினால் அதில் ஏறத்தாழ 6,100 ரூபாய் வரியே. ஆகவே "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அவர் எதைக் குறைக்கிறார் என்பது விளங்கும். பில் இல்லையேல் உத்தரவாதமும் இல்லை.

மாணவியரே, பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகவிருக்கும் உங்களில் பலருக்கு இதுவே உங்கள் பெயரில் வாங்கப்படும் முதல் விலையுயர்ந்த பொருளாக இருக்கும். அப்பா சீட்டு எடுத்தோ அம்மா நகையை வைத்தோ வாங்கித் தருவார்கள். நான்கு ஆண்டுக்கு வர வேண்டிய அப்பொருள் இரண்டாம் ஆண்டிலேயே தவழத் தொடங்கினால் இன்னொன்று வாங்க வீட்டில் பணம் இராது. படிப்புத்தான் தடைப்படும். அதனால் சற்று நிதானமாக இப்பாடத்தைப் படியுங்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எது நல்ல கணினி?" என்பதன்று, "நான் இதைக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்?" என்பதே. பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரியில் வணிகவியலோ தமிழோ வரலாறோ படிக்கப் போகிறவளுக்குக் கட்டுரை எழுதவும், கணக்குத் தாள் போடவும், இணையத்தில் தேடவும் ஒரு கருவி வேண்டும். சாதாரணக் கணினியே அதற்குப் போதும். புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் சேருபவளுக்குக் கூடுதல் நினைவகம் வேண்டும். கட்டட வரைபடம், முப்பரிமாண வடிவமைப்பு என்று போகிறவளுக்குத் தனி வரைகலைச் சில்லு தேவைப்படலாம். அதற்கு விலை அதிகம், எடையும் அதிகம், மின்கலமும் விரைவில் தீரும். தமிழ் இலக்கியம் படிக்கிறவள் அதை வாங்கினால் கிணற்று நீர் இறைக்க லாரி வாங்கிய கதைதான்.

என் கருத்து, கல்லூரி திறக்குமுன் அவசரப்பட்டு வாங்காதிருப்பதே நலம். சேர்ந்து ஒரு மாதம் கழித்து, எந்த மென்பொருளில் பாடம் நடக்கிறது என்று துறை ஆசிரியரையும் மூத்த மாணவியரையும் கேட்டுவிட்டு வாங்கினால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

இனி உறுப்புகளைப் பார்ப்போம். இவை ஒரு சமையலறையைப் போன்றவை. செயலி என்பது சமைப்பவர். ராம் எனப்படும் தற்காலிக நினைவகம் சமையல் மேடை. சேமிப்பகம் என்பது சாமான் அறை. சமைப்பவர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் மேடை ஒரு முழம் அகலமே இருந்தால், ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எடுக்க வேண்டும். இணையத்தில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வகுப்பும் கேட்கும்போது கணினி திணறுவது இதனால்தான்.

எவ்வளவு மேடை வேண்டும்? இதற்கு அரசாங்கங்கள் வாங்கிய கணினிகளே நல்ல அளவுகோல். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாணவ மாணவியர்க்கு வழங்கப்பட்டன. நம் புதுச்சேரி அரசும் பள்ளி மாணவர்க்கு வழங்கியதுண்டு. தமிழ்நாட்டில் 2011-இல் தந்த கணினியில் 2 ஜி.பி. ராமும், 320 ஜி.பி. சுழலும் வட்டும் இருந்தன. அன்று அது போதுமானதாயிருந்தது. கல்லூரி மாணவர்க்கென 2025-இல் தமிழ்நாடு கேட்ட ஒப்பந்தப்புள்ளியிலோ 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. சேமிப்பகம், 14 அல்லது 15.6 அங்குலத் திரை என்று வரையறுத்திருந்தார்கள். இலட்சக்கணக்கில் வாங்கும் அரசே 8 ஜி.பி.க்குக் கீழே இறங்கவில்லை என்றால், நாமும் இறங்க வேண்டியதில்லை. கணினி அறிவியல் படிப்போர் 16 ஜி.பி. பார்ப்பது நன்று. சில வகைகளில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட இயலாது. "பின்னால் ராம் கூட்டலாமா, அதற்கு இடம் காலியாக உள்ளதா?" என்று கேட்டுவிட்டே பணத்தைக் கொடுங்கள். 2025-இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போனதே காரணம். நம் ஊரில் செய்யப்போவதாகச் சொன்ன அந்தப் பெரிய கணினிகளுக்கும் அதே சில்லுகள்தாம் வேண்டும்.

சேமிப்பகத்தில் ஒரு விதி மட்டும் போதும்: சுழலும் வட்டு வேண்டாம், எஸ்.எஸ்.டி. வேண்டும். வட்டில் ஊசி ஒன்று இடம் தேடி அலைய வேண்டும், எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பே இல்லை. ஆதலால் விரைவும் மிகுதி, பேருந்துக் குலுக்கலில் கெடுவதும் குறைவு. மிக மலிவான சிலவற்றில் 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. என்று போட்டிருப்பார்கள். விண்டோஸ் 11-க்குக் கேட்கப்படும் குறைந்த அளவே 64 ஜி.பி. அது குடியேறிய பின் உங்களுக்குத் திண்ணைதான் மிஞ்சும். (256 ஜி.பி. என்று வாங்கியது கணினியில் 238 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். செய்பவர்கள் ஒரு ஜி.பி.யை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள்; விண்டோஸ் 1024-ஐ மும்முறை பெருக்கிக் கணக்கிடுகிறது. வகுத்துப் பாருங்கள், விடை சரியாக வரும்.)

செயலியின் பெயரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "ஐ5 இருக்கிறதம்மா, ஐ3-ஐ விட உயர்ந்தது" என்பார் விற்பவர். அதே தலைமுறையில் உயர்ந்தது, சரி. ஆனால் ஐ5-6200யு என்பது 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை. அதில் இரண்டே கருக்கள். ஐ3-1215யு என்பது பன்னிரண்டாம் தலைமுறை. அதில் ஆறு கருக்கள். பின்னது முன்னதை எளிதில் முந்திவிடும். எனவே கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள்.

இது பழைய கணினி வாங்குவோருக்கு மிகவும் முக்கியம். அலுவலகங்கள் கழித்த கணினிகளைப் புதுப்பித்துப் பாதி விலைக்கும் கீழே விற்கிறார்கள். அதில் தவறொன்றுமில்லை, நல்ல உடல்வாகு கொண்ட பொருள்கள் அதில் கிடைக்கின்றன. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையேனும் வேண்டும். ஆறு, ஏழாம் தலைமுறைக் கணினிகள் சந்தையில் மலிவாகக் குவிந்ததற்கு இதுவே காரணம். அத்தகைய ஒன்று கைக்கு வந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். லினக்ஸ் நிறுவிக் கொள்ளலாம். அது இலவசம். லிப்ரே ஆபீஸ் என்னும் எழுத்து, கணக்கு மென்பொருளும் இலவசமே. ஆனால் உங்கள் கல்லூரி கேட்கும் மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய மின்கலத்தை மாற்ற ஆகும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

திரையில் 1366 x 768 புள்ளிகள் என்றும் 1920 x 1080 என்றும் இரு வகை காணலாம். பெருக்கினால் முதலாவதில் பத்து இலட்சத்துச் சொச்சம், இரண்டாவதில் இருபது இலட்சத்துச் சொச்சம் புள்ளிகள். தமிழ் எழுத்துகளின் சுழியும் கொம்பும் இரண்டாவதில்தான் தெளிவாகத் தெரியும். கண்ணுக்குப் பாருங்கள், நூறு வண்ண விளக்கெரியும் விசைப்பலகைக்குப் பாராதீர்கள்.

மின்கலத்தைப் பொறுத்தவரை "பத்து மணி நேரம் வரை" என்ற விளம்பரத்தை நம்பாமல் வாட்-மணி என்னும் அளவைப் படியுங்கள். 42 வாட்-மணி கொண்ட கலத்தில், சாதாரண வேலைக்கு 7 வாட் செலவானால் ஆறு மணி நேரம் வரும். எடையும் இங்கே சேர்த்தே எண்ண வேண்டியது. முதலியார்பேட்டையிலிருந்து காலாப்பட்டுக்கு இரு பேருந்து மாறி, நின்றுகொண்டே போகும் ஒருத்திக்கு ஒன்றரைக் கிலோவும் இரண்டே கால் கிலோவும் ஒன்றல்ல. கடையில் கையில் தூக்கிப் பார்க்கும் இரண்டு நிமிடத்தில் இது தெரியாது. உங்கள் புத்தகப் பையில் போட்டுத் தோளில் மாட்டிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

பணம் கொடுக்கும் முறையைப் பற்றிப் பெற்றோர் கவனத்துக்கு ஒரு கணக்கு. ரொக்கமாகத் தந்தால் 40,000 ரூபாய், "வட்டியில்லாத் தவணை" என்றால் மாதம் 3,500 வீதம் பன்னிரண்டு மாதம் என்று வைத்துக்கொள்வோம். தவணையில் மொத்தம் 42,000. அதோடு நடைமுறைக் கட்டணம் 500, அதன் மேல் வரி 90. ஆக 42,590. அந்த 2,590 ரூபாய்க்கு வட்டி என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். முழுத் தொகை கையில் இல்லாதவர்க்குத் தவணை உதவியே, ஆனால் "ரொக்க விலை என்ன?" என்ற கேள்வியைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. வீட்டில் அண்ணனும் தங்கையும் இருந்தால் அண்ணன் பெயரில் கணினி வருகிறது. தங்கை "அவன் இல்லாதபோது பார்த்துக்கொள்" என்ற நிலைக்கு ஆளாகிறாள். 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது ஒரே கைபேசிக்காகப் பல வீடுகளில் பெண் குழந்தைகள் காத்திருந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஒன்றுதான் வாங்க இயலும் என்றால் ஒன்றே வாங்குங்கள். ஆனால் இருவருக்கும் தனித்தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் அமைத்து, நேரத்தையும் எழுதி வைத்துப் பகிருங்கள். இதற்குக் கூடுதல் செலவில்லை.

வாங்கிய அன்று கடையிலேயே பெட்டியைப் பிரித்து, உள்ளே உள்ள வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். உத்தரவாதம் கடைக்கு வந்தாலா, வீட்டுக்கு வந்தா என்பதைக் கேளுங்கள்; பழுது பார்க்கும் நிலையம் நம் ஊரில் உள்ளதா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்றும் கேளுங்கள். குறை தீராவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் நாளடைவில் வெளுத்துவிடும்.

நம் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. மழை மாதங்களில் நாள்கணக்கில் மூடியே வைக்காமல் அவ்வப்போது இயக்குங்கள். கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து திறந்து வைத்துப் படிப்பது சினிமாவில் அழகாயிருக்கும். மணலும் உப்புக்காற்றும் விசைகளுக்குள் போகும். மெத்தை மேல் வைத்தால் காற்றுத் துளை அடைபட்டுச் சூடேறும். மரப்பலகை ஒன்று போதும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மொழி அமைப்பைத் திறந்து தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால், நாள்தோறும் சிறிது நேரம் பழகினால் கை தானே ஓடும். விண்டோஸ் 11-இல் இது உள்ளேயே இருக்கிறது. தனியே விலை இல்லை. பிரெஞ்சு படிக்கும் மாணவியர் அதே இடத்தில் பிரெஞ்சு விசைப்பலகையையும் சேர்க்கலாம். மூன்று மொழிக்கும் மாற ஒரு கையின் இரு விரல் போதும்: விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்துங்கள்.