ஓம் விதியும் ஒரு நிபந்தனையும்

மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. இயற்பியல் பயின்றோர் எவரும் மறவாத சமன்பாடு இது. கம்பி ஒன்றின் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை இரு மடங்காக்கினால் மின்னோட்டமும் இரு மடங்காகும். மின்தடையை இரு மடங்காக்கினால் மின்னோட்டம் பாதியாகும். 6 வோல்ட் வேறுபாடு நிலவும் 3 ஓம் கம்பியில் 2 ஆம்பியர் பாயும். இத்துணை எளிய உண்மையைக் கண்டறிவதில் என்ன கடினம் இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றும்.

ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் ஜியார்ஜ் சைமன் ஓம். அவர் முதலில் மின்கலங்களைக் கொண்டே ஆராய்ந்தார். ஆனால், அக்காலத்து மின்கலங்களின் அழுத்தம் சோதனை நடக்கும்போதே மாறிக்கொண்டிருந்தது. எனவே 1825-இல் அவர் வெளியிட்ட வாய்பாடு பிழையாயிற்று. பிறகு, பொக்கெண்டார்ஃப் என்னும் அறிஞரின் யோசனைப்படி, பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப மின்னிரட்டையைக் கையாண்டார். ஒரு சந்தி கொதிநீரில், மற்றொன்று பனிக்கட்டியில். இவ்விரு வெப்பநிலைகளும் மாறாதவை. ஆதலால் அழுத்தமும் மாறவில்லை. ஒரே பருமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, காந்த ஊசியின் விலக்கத்தால் மின்னோட்டத்தை அளந்தார். 1826-இல் உண்மை புலப்பட்டது. 1827-இல் நூலாக வெளிவந்தது. தாய்நாட்டில் அந்நூலுக்கு உரிய வரவேற்பு கிட்டவில்லை. 1841-இல் இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. 1881-இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே ஏற்றது.

ஒன்றை அளக்கும்போது மற்றவற்றை மாறாமல் காத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். ‘வெப்பநிலை மாறாதிருக்கையில்’ என்று விதியின் தொடக்கத்தில் வரும் நிபந்தனையும் இதனையே கூறுகிறது. தேர்வுத் தாளில் நம்மில் பலர் விட்டுவிடும் சொற்கள் இவை! 240 வோல்ட்டில் எரியும் 60 வாட் இழை விளக்கை எடுத்துக்கொள்வோம். அதில் பாயும் மின்னோட்டம் 0.25 ஆம்பியர், ஆகவே மின்தடை 960 ஓம். அணைந்து குளிர்ந்த அதே டங்ஸ்டன் இழையின் மின்தடையோ 100 ஓமுக்கும் குறைவு. விசையைப் போட்ட கணத்தில் பன்மடங்கு மின்னோட்டம் பாய்வதும், பழைய விளக்குகள் பெரும்பாலும் அந்நேரத்திலேயே பழுதாவதும் இதனால்தான்.

இங்கே விதி பொய்க்கவில்லை, நிபந்தனைதான் மாறிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் கம்பியின் மின்தடையைக் காணும்போது, மின்னோட்டத்தை நெடுநேரம் பாய விடாது அளவு எடுத்தவுடன் சாவியை நீக்குமாறு ஆசிரியர்கள் வற்புறுத்துவதன் பொருள் இப்போது விளங்குமன்றோ?