மூடிய அறையில் தெளியாத உறக்கம்

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறோம். நானும் என் கணவரும், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும் மகளும் ஒரே அறையில் ஏ.சி. போட்டுப் படுக்கிறோம். கொசுவுக்குப் பயந்து ஜன்னல்களை இறுக அடைத்துவிடுவோம். மின்சாரம் போன இரவுகளில் கொசுவர்த்தியும் ஏற்றுவதுண்டு. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தலை கனக்கிறது. மகளோ விடியற்காலையில் புத்தகத்தைத் திறந்ததும் கொட்டாவி விடுகிறாள். ஏ.சி.யே உடம்புக்கு ஆகாது என்கிறார் மாமியார். ஜன்னலைத் திறக்கலாமென்றால், இரவுக் காற்று பட்டால் சளி பிடிக்கும் என்றும் அவரே தடுக்கிறார். நாங்கள் என்னதான் செய்வது?
– ஒரு வாசகி, சென்னை-33

பதில்: சகோதரி அவர்களுக்கு, உங்கள் மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. குற்றம் குளிர்ச்சியில் இல்லை. குளிர்ந்த காற்றெல்லாம் புதிய காற்று என்று நாம் நம்பிவிடுகிறோமே, அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. சுவரின் உட்புறம் மாட்டியிருக்கும் பெட்டிக்கும் வெளியே வைத்திருக்கும் பெட்டிக்கும் இடையே ஓடும் குழாயில் காற்று வருகிறது என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அதில் ஓடுவது குளிரூட்டும் திரவமும் வாயுவுமேயன்றி, நாம் சுவாசிக்கும் காற்று அன்று. அறையிலுள்ள காற்றையே உள்ளே இழுத்து, அதன் வெப்பத்தையும் ஈரத்தையும் ஓரளவு நீக்கி, மறுபடியும் அதே அறைக்குள் விடுவதோடு அந்த இயந்திரத்தின் வேலை முடிந்துவிடுகிறது.

இதன் விளைவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி கொண்ட ஓர் அறையில் ஏறக்குறைய 28,000 லிட்டர் காற்று அடங்கும். உறங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமிலவாயுவை வெளியிடுகிறார். வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 420 பங்காக இருக்கும் இவ்வாயு, காற்றுப் புகாத அத்தகைய அறையில் மூவர் படுத்திருந்தால், மணிக்கு ஆயிரம் பங்குக்கு மேலாக ஏறிக்கொண்டே போகும். கதவிடுக்கும் ஜன்னல் இடுக்கும் இந்த ஏற்றத்தைத் தணிக்கின்றன என்பது உண்மைதான். ஆயினும் இறுக அடைத்த படுக்கையறைகளில் விடியுமுன் இது 2,000 பங்கைக் கடந்துவிடுவது சாதாரணமாகக் காணப்படும் விஷயம்.

இதைக் கேட்டு, பிராணவாயு தீர்ந்து மூச்சு முட்டிவிடுமோ என்று பீதி கொள்ள வேண்டாம். அப்படி ஒன்றும் நேராது. ஜெர்மனியின் ம்யூனிக் நகரத்தில் வாழ்ந்த பெட்டன்கோஃபர் என்னும் சுகாதார விஞ்ஞானி 1858-லேயே இவ்விஷயத்தைத் தெளிவுபடுத்தினார். இந்த அளவில் கரியமிலவாயு விஷமன்று, மனித சுவாசத்தாலும் உடலின் ஆவியாலும் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டும் அடையாளமே என்று விளக்கிய அவர், வீட்டுக் காற்றில் அது பத்து லட்சத்துக்கு 1,000 பங்கை மீறலாகாது என்று வரையறுத்தார். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2016-இல் வெளியிட்ட பரிசோதனை இன்னும் நேரடியானது. விடுதி மாணவர்களின் அறைகளில் ஓசையற்ற சிறு விசிறி ஒன்றை அமைத்து, ஒரு வாரம் வெளிக்காற்றை வரவிட்டும் ஒரு வாரம் வரவிடாமலும் பார்த்தார்கள். கரியமிலவாயு சுமார் 2,400 பங்காக இருந்த இரவுகளைவிட, 800 பங்கை ஒட்டியிருந்த இரவுகளில் நித்திரை சீராக இருந்ததோடு, மறுநாள் தூக்கக் கலக்கம் குறைந்து, தர்க்க அறிவைச் சோதிக்கும் தேர்விலும் அந்த மாணவர்கள் மேம்பட்டு விளங்கினார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணைப் பெற்றவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

இரவுக் காற்றைப் பற்றிய அச்சம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நோயாளியின் அறைக்கு வெளிக்காற்றைப் போலவே தூய காற்று வேண்டும் என்று வற்புறுத்திய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் தம் காலத்து இங்கிலாந்தில் இதே அச்சத்தோடு போராடினார். சளியை உண்டாக்குவன கிருமிகளேயன்றி இரவுக் காற்று அன்று என்பதை மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். ஒரு காலைப் பொழுதில் நீங்கள் எழுந்து பால்கனியில் சற்று நேரம் நின்றுவிட்டு, படுக்கையறைக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து பாருங்கள்: தலையணையின் எண்ணெய் வாடையும் வியர்வையும் புழுங்கிய துணியின் நெடியுமாக, இரவு முழுவதும் பழகிப் போனதால் உங்கள் மூக்கு உணராதிருந்த ஒரு வாசனை உங்களை எதிர்கொள்ளும். காற்று மாறவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கொசுவர்த்தியை அடியோடு விட்டுவிடுங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வரை எரிந்ததற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. அடைத்த அறைக்குள் கனலும் கரியில் சாம்பிராணி போடுவது அதனினும் அபாயமானது. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மலைவாசஸ்தலங்களில் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்கியவர்கள் மீண்டும் எழாமற்போனதற்கு இவ்வாயுவே காரணம்.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள். ஜன்னலுக்கும் வலையடித்து, இரண்டு விரற்கடை திறந்து வையுங்கள். அது சாலையைப் பார்த்த ஜன்னலாயின், அதை மூடிவிட்டு, கூடத்தில் வலையடித்த வேறொரு ஜன்னலைத் திறந்து, படுக்கையறைக் கதவைச் சாத்தாமல் விடுங்கள். மின்கட்டணம் சிறிது கூடத்தான் செய்யும். ஆனால் ஏ.சி.யை 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் அந்தச் செலவு பெரும்பாலும் ஈடாகிவிடும். ஏ.சி.யின் வலைவடிகட்டியை இரு வாரத்துக்கொரு முறை கழுவுங்கள். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். போகியன்றும் தீபாவளி இரவிலும் மட்டும், தெருவெல்லாம் புகை மண்டியிருக்குமாதலால், ஜன்னலை அடைத்து வைப்பதே விவேகம்.

ஒரு மாதம் இப்படிச் செய்தும் தலைக்கனம் நீங்கவில்லையென்றாலோ, உங்களில் எவரேனும் உரத்த குறட்டையினிடையே மூச்சு நின்று நின்று வருவதாகக் கண்டாலோ, காரணம் அறையின் காற்றில் அன்று, சுவாசப் பாதையில் இருக்கக்கூடும். அப்போது தாமதியாமல் மருத்துவரைப் பாருங்கள். உறங்குகிறவருக்குத் தம் காற்று கெட்டிருப்பதை அறியவும் முடியாது, எழுந்து ஜன்னலைத் திறக்கவும் தோன்றாது. ஆகவே அந்தப் பொறுப்பை விளக்கணைப்பதற்கு முன்பே நிறைவேற்றிவிடுவது குடும்பத்தில் விழித்திருக்கும் பெரியவர்களின் கடமை.