கடல்நீர் எரிபொருளாகுமா?

கடல்நீரால் ஓடும் வாகனம் பற்றிய அறிவிப்புகள் அவ்வப்போது வெளிவருகின்றன. அவற்றில் உண்மை எவ்வளவு என்று காண்போம்.

மைசூர் சமஸ்தானம் 1902 ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்தில் மின்சாரம் உற்பத்தி செய்து, கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பியது. அந்த ஆற்றலைத் தந்தது காவிரி நீர் உயரத்திலிருந்து விழுந்த வேகம். விழுந்து முடிந்த நீரால் மின்பொறியைச் சுழற்ற இயலாது.

வேதியியலிலும் அவ்வாறே. ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் கிடைப்பதே நீர். அதனை மின்சாரத்தால் பகுத்து மீண்டும் ஹைட்ரஜன் பெறலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 9 லிட்டர் நீரும், நடைமுறையில் 50 யூனிட் அளவு மின்சாரமும் தேவை. அதனை எரித்தால் 40 யூனிட்டுக்கும் குறைவான ஆற்றலே திரும்பக் கிடைக்கும்.

கடல்நீரின் உப்போ குளோரின் வாயுவை உண்டாக்கிக் கருவிகளை அரிக்கும். ஆகவே முதலில் உப்பை நீக்குவதே வழக்கம். அதற்காகும் செலவு சிறிது; பெருஞ்செலவு மின்சாரத்திற்கே.

2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கமும் சூரியஒளி, காற்று முதலியவற்றால் பெறும் மின்சாரத்தையே நம்பியுள்ளது. ஆதலின், நீரை எரிபொருளாக்கும் திட்டமொன்றில் நம் சேமிப்பை முதலீடு செய்யுமாறு எவரேனும் கேட்பின், 'மின்சாரம் எங்கிருந்து, என்ன விலையில்?' என்று முதலில் வினவுவோம்.